சிமென்ட் மூட்டையில் செம்பாசி

போன சித்திரையில் ஸ்ரீரங்கத்து வீட்டில் மொட்டைமாடிப் பூச்சு வேலை நடந்தது. கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவன் வாய் சும்மா இருக்காமல், "இதுல கடல்பாசி இருக்கு, தெரியுமா?" என்றேன். அவர் மண்வெட்டியை நிறுத்தவே இல்லை. "அதெல்லாம் இல்ல சார். இது எம்-சாண்ட். கடல் மணலே கிடையாது, சுவர் பூக்காது, பயப்படாதீங்க" என்றார்.

நான் சொன்னது மணலை அல்ல, சிமென்ட்டை. மூட்டையில் அச்சிட்டிருந்த ஊர் டால்மியாபுரம், அதாவது கல்லக்குடி. அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பங்கு பவளம், ஒரு பங்கு கிளிஞ்சல், ஒரு பங்கு கடலில் வாழ்ந்த சிவப்புப் பாசி. சூளையில் 1,450 டிகிரி வரை காய்ச்சும்போது பாசியின் உருவம் போய்விடுகிறது. அது கடல் தண்ணீரிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சேர்த்துவைத்த கால்சியம் மட்டும் மிஞ்சி, மூட்டைக்குள் வந்து, இப்போது எங்கள் மாடியில் வெயில் காய்கிறது.

திருச்சிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயம்தான். இங்கிருந்து நாகப்பட்டினம் 140 கிலோமீட்டர். ஆனால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் விருத்தாசலம் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறினால் வாளாடி, லால்குடி, புள்ளம்பாடி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் பழைய கடற்கரைக்கே போய் இறங்கிவிடலாம். கல்லக்குடி என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் 1953 ஜூலைதான் நினைவுக்கு வரும். கருணாநிதி பெயர்ப்பலகையில் 'கல்லக்குடி' என்று ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்த இடம் அது. அந்தப் பெயரிலேயே கல் இருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆங்கிலேயர் எழுத்தில் இந்த ஊர் 'கல்லிகூடி'. 1850-களின் கடைசியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சி ஜில்லாவின் இந்தப் பகுதி முழுக்கச் சுற்றி வரைபடம் போட்டார். 1862-ல் வந்த அவருடைய அறிக்கைதான் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பாறைகளைப் பிரித்தது. கிரிட்டேசியக் காலத்தைப் படிக்கும் புவியியலாளர்கள் பலருக்கு இந்த மூன்று பெயர்களும் தெரியும். நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். இந்த அடுக்குகளின் மேற்கு விளிம்பில், நைஸ் (gneiss) எனப்படும் பழைய பாறையை ஒட்டினாற்போல, பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல் அங்கங்கே கிடப்பதைப் பிளான்ஃபோர்டு அப்போதே குறித்துவைத்தார். கல்லக்குடி அதில் ஒன்று.

நடந்தது இதுதான். இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது கிழக்குக் கரையோரம் நிலம் வெடித்துச் சரிந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கடல் மெல்ல மெல்ல ஏறி வந்தது. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன் அது ஊட்டத்தூர், காரை, கல்லக்குடி வரை வந்து, கெட்டியான நைஸ் பாறையில் முட்டி நின்றது. ஆக, அது மெரினா மாதிரியான மணற்கரை அல்ல. முட்டம், கன்னியாகுமரி மாதிரிப் பாறைக்கரை. கல்லக்குடிக் குவாரியின் சுவரில் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவே நைஸ் உருண்டைகள் சொருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். கரையிலிருந்து உடைந்து விழுந்து, அலையில் உருண்டு, பாசிப்படுகையில் போய்ச் சிக்கிக்கொண்டவை அவை. இந்தப் பக்கத்தில் சில இடங்களில் ஒரு காலைப் பழைய நிலத்திலும் மறுகாலைப் பழைய கடலிலும் வைத்து நிற்க முடியும்.

இங்கே வருகிறவர்கள் பொதுவாகத் தேடுவது அம்மோனைட் என்ற சுருளோட்டுக் கடலுயிரின் எச்சத்தை. ஸ்ரீரங்கத்துப் பூஜை அறைகளில் பட்டுத்துணி விரித்து வைத்திருக்கும் சாளக்கிராமம் கண்டகி நதியிலிருந்து வந்த அம்மோனைட். அதன் உறவுகள் காரையின் செம்மண் ஓடைகளில் மழைக்கு மழை வெளியே வருகின்றன. அதை விட்டால் டைனோசர். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டபோது 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் அதிர்ந்தது. பார்த்துவிட்டு வந்த நிபுணர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றார்கள். பாசியைப் பார்க்க மட்டும் யாரும் பஸ் ஏறி வருவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பாசியைப் பார்க்க ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. உடைந்த சுண்ணாம்புக்கல்லின் புதுமுகத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த கல்லில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நனைந்ததும் அங்கங்கே பால்வெள்ளையில், பீங்கான் துண்டு போல, வளைவு வளைவாக மேலே மேலே படிந்த தடங்கள் எழும்பி வரும். தோசை மேல் தோசை அடுக்கின மாதிரி. அதுதான் பாசி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த வெள்ளைக்குள் இன்னும் மெல்லிய கோடுகள் தெரியும்.

மிச்சம் நுண்ணோக்கியின் கையில். கல்லை மெல்லிசாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் கல் வழியாக ஒளி புகும். அப்போது தெரிவது கோரைப்பாய். குறுக்கும் நெடுக்குமாகச் செல்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு, வரிசை பிசகாமல் நெய்தது போல் இருக்கும். அந்தப் பாயின் நடுவே திடீரென்று ஒரு வரி வெளிறிய நீள்வட்டங்கள், பல்வரிசை போல. அவை பாசியின் ஸ்போர் அறைகள். விதை மாதிரியான நுண்துகள்கள் உருவாகி வெளியேறிய பிறகு, காலியான அறைகளின் மேல் பாசி மறுபடி வளர்ந்து மூடிவிட்டது. அந்தப் பல்வரிசையைப் பார்த்ததும் அறிஞர்கள் ஸ்போரோலித்தன் என்று பெயர் சொல்லிவிடுவார்கள். பழைய நூல்களில் ஆர்க்கியோலித்தோதாம்னியம் என்று இருப்பதும் இதுதான்.

இந்தப் பாறைகளில் பாசியைப் படிக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் எல். ராம ராவ். அரியலூர்ப் பக்கத்து நின்னியூர்ப் பாறைகளின் பாசிகளைப் பற்றி வியன்னாவின் யூலியஸ் பியாவோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1936-ல் வந்தது. நம் மண்ணின் தொல்பாசி ஆய்வுக்கு அது அடித்தளம். பிறகு வந்தவர்கள் கல்லக்குடிக் கல்லிலும் இனம் இனமாகப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். செல்லின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, அறையின் உயரம் இவ்வளவு என்று அளந்து, வித்தியாசம் தெரிந்தால் புது இனம். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கல்லில் வேறு என்னதான் செய்ய முடியும்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிவப்புப் பாசிகளின் உருவத்தை நம்பினால் மோசம் போவோம் என்பதை உயிரோடு இருக்கும் பாசிகள் கடந்த முப்பது ஆண்டாக நிரூபித்துக்கொண்டே இருக்கின்றன.

அதற்குள் போகும் முன் இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடுகிறேன். உலகில் பெயரிட்ட சிவப்புப் பாசிகள் 7,000-க்கும் மேல். பெரும்பாலும் கடலில், நன்னீரில் வாழ்பவை சில நூறுதான். இந்தியக் கடற்கரைக்கு 2001-ல் போட்ட பட்டியலில் மொத்தக் கடற்பாசி 844, அதில் சிவப்பு மட்டும் 434. கண்ணுக்கு இவை எல்லாம் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாம்பழ மஞ்சள், ஊதா, கரும்பச்சை, சில நேரம் அச்சு அசல் பச்சை. ஆனால் உள்ளே ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி இருக்கும். ஆழத்துக்குப் போகப் போகச் சிவப்பு ஒளி தண்ணீரில் கரைந்துவிடும். நீலமும் பச்சையும்தான் இறங்கும். அந்த மிச்சத்தைப் பிடித்துச் சாப்பிடத் தெரிந்த நிறமி இது. பஹாமாஸ் அருகே கடலுக்கடியில் 268 மீட்டர் ஆழத்தில், மலைக்கோட்டையை மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் ஆழத்தில், ஒரு பாசி பாறையோடு ஒட்டி வாழ்வதை 1980-களில் கண்டார்கள். அதுவும் கல்லக்குடிக் கூட்டம்தான், சுண்ணாம்புச் செம்பாசி.

இந்த நிறமி பாசியின் சொந்தச் சம்பாத்தியமும் அல்ல. நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியா ஒன்றை இதன் மூதாதை விழுங்கி, செரிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டது. அதிலிருந்து வந்த சொத்து இது. திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் நடக்கிறது. அங்கே குடுவைகளில் வளரும் இனங்கள் சிலவற்றில் இதே சிவப்பு நிறமியைப் பார்க்கலாம். கடலே இல்லாத ஊரில் கடல்பாசிக்கு ஒரு தேசிய மையம் இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நம் அடுக்களையிலும் இது உண்டு. ரமலான் மாதத்தில் இஸ்லாமிய வீடுகளில் நோன்பு திறக்கையில் தட்டில் வரும் கடல்பாசி, மளிகைக்கடையில் சைனா கிராஸ் என்று விற்பது, ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் அகர், எல்லாம் சிவப்புப் பாசியின் செல் சுவரிலிருந்து எடுத்த பசை. (மசாலாவில் போடும் கல்பாசி வேறு சங்கதி. அது மரத்திலும் பாறையிலும் வளரும் லைக்கன். கடலைப் பார்த்ததே இல்லை.)

இவற்றின் மரபணுத்தொகுதி ஓர் ஆச்சரியம். ஐரிஷ் பாசி எனப்படும் காண்ட்ரஸ் கிரிஸ்பஸின் டிஎன்ஏ முழுவதையும் 2013-ல் படித்து முடித்தார்கள். சுமார் 10.5 கோடி எழுத்து, 9,606 மரபணு. நம் காவிரிப் படுகை நெல்லுக்குக் கிட்டத்தட்ட 40 கோடி எழுத்து. என்றோ ஒரு காலத்தில் இந்தக் கூட்டத்தின் மூதாதை கடும் நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாமான்களை விற்றுப் பிழைத்த குடும்பம் போல மரபணுக்களைத் தொலைத்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தொலைத்ததில் முக்கியமான ஒன்று, நீந்தும் வால். சிவப்புப் பாசிகளின் ஆண் அணுவுக்கு வாலே கிடையாது. தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால் உண்டு. 2022-ல் பிரான்ஸின் ரொஸ்காஃபில் ஆய்வு செய்தவர்கள் இன்னொரு வழியையும் கண்டார்கள். இடோட்டியா என்ற சின்னக் கடல்பூச்சி கிராசிலேரியா பாசிமேல் ஊர்ந்து போகும்போது ஆண் அணுக்கள் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு பெண் பாசிக்குப் போய்ச் சேர்கின்றன. தேனீ செய்யும் வேலை, கடலடியில்.

அந்தக் கிராசிலேரியாவின் தமிழ்நாட்டு உறவுதான் கஞ்சிப்பாசி. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் பெயர்கள் கொட்டும். கஞ்சி காய்ச்சினால் கஞ்சிப்பாசி. கொழுந்து கொழுந்தாகக் கிளைத்திருந்தால் மரிக்கொழுந்துப் பாசி. ஆய்வாளர் வாயில் அது ஜெலிடியெல்லா. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்புக் கூட்டம், அவை வேறு. விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இடுப்பில் சாக்கு கட்டி, பாறையைத் தடவித் தடவிப் பறிப்பவர்கள் அவர்கள். தடவிய விரலுக்கு இன்னது எது என்று தெரியும். நான் சொல்லப்போவது அந்த விரல்களைக் குறைசொல்ல அல்ல. விரலுக்கு எட்டாத ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கைப்பிடிக் கஞ்சிப்பாசியை எடுத்து விரித்தால் எல்லாம் ஒரே செடி போலத் தெரியும். உண்மையில் அதில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் உள்ள ஆண், அதேபோல் பெண், பிறகு இரட்டைத் தொகுதி உள்ள ஸ்போர்ச் செடி. உயரம், கிளை, நிறம் எதிலும் வித்தியாசம் கிடையாது. கிளையில் கடுகளவு முண்டு முண்டாக இருந்தால் அது கருவுற்ற பெண் என்று மட்டும் சொல்லலாம். அந்த முண்டுக்குள் இருப்பது இன்னொரு தலைமுறை. தாயின் மேலேயே தங்கித் தின்று வளரும் பேர்வழி. மிச்சத்தைப் பிரிக்க நுண்ணோக்கியோ டிஎன்ஏவோ வேண்டும். மரிக்கொழுந்துப் பாசியின் கதை இன்னும் விசித்திரம். ஆணும் பெண்ணும் அகப்படுவதே அபூர்வம். கையில் கிடைப்பவை ஸ்போர்ச் செடிகள்தாம். பாறையில் படர்ந்த அடித்தண்டிலிருந்து அறுகு மாதிரித் துளிர்த்தே காலத்தை ஓட்டுகிறது.

ஒரே உருவத்துக்குள் பலர் என்பது ஒரு பக்கம். ஒரே ஆள் பல உருவம் எடுப்பது மறுபக்கம். கன்னியாகுமரிப் பாறைகளில் அலை அடிக்கும் இடத்தில் ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருக்கும். மழையில் நனைந்த டிஷ்யூ தாள் மாதிரி, ஓரிரு செல் கனம்தான். போர்ஃபைரா கன்னியாகுமரியென்சிஸ் என்று 1984-ல் அதற்கு நம் ஊர் அறிஞர்கள் வி. கிருஷ்ணமூர்த்தியும் எம். பாலுசாமியும் பெயரிட்டார்கள். ஜப்பானில் சோற்று உருண்டையைச் சுற்றும் நோரிக்கு நெருங்கிய சொந்தம். நோரி விளைச்சல் ஏன் சில ஆண்டு பொய்க்கிறது என்று ஜப்பானியர்கள் பல தலைமுறையாக விழித்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் அந்தப் பாசி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மான்செஸ்டரில் இருந்த கேத்லீன் ட்ரூ 1949-ல் விடை சொன்னார். கிளிஞ்சல் ஓட்டைத் துளைத்து வாழும் காங்கோசெலிஸ் என்ற மயிரிழைப் பாசி தனி இனமே அல்ல, நோரியின் மறுபிறவி. கண்ணாடித் தாள் போன்ற இலையும், ஓட்டுக்குள் ஒளிந்த இளஞ்சிவப்பு நூலும் ஒரே உயிரின் இரண்டு உருவம். அன்று முதல்தான் நோரி சாகுபடி நம்பகமான தொழிலானது. ஜப்பான் போகாத அந்த அம்மாவுக்கு ஜப்பானியர் 1963-ல் நினைவுக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

மாட்டுத் தீவனத்தில் கலந்தால் மீத்தேன் குறையும் என்று இன்று பேசப்படும் ஆஸ்பராகாப்சிஸும் இப்படித்தான். அதன் ஒரு பிறவி இறகு போல நிற்கும், மறுபிறவி பஞ்சு உருண்டை. பஞ்சு உருண்டைக்கு ஃபால்கென்பெர்கியா என்று தனிப் பேரினமே கொடுத்து வைத்திருந்தார்கள்.

இதே நோரிக் கூட்டத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடந்தது. தாள் போல இருந்ததையெல்லாம் போர்ஃபைரா என்று ஒரே பையில் போட்டிருந்தார்கள். 2011-ல் மரபணுக்களை வரிசையிட்டுப் பார்த்தபோது அந்தப் பை கிழிந்தது. இலைவடிவப் பாசிகளே 8 பேரினங்களாகப் பிரிந்தன. தாள் உருவம் என்பது அவ்வளவு எளிதான உருவம். வித்தியாசம் காட்ட அதில் இடமே இல்லை. உள்ளே டிஎன்ஏ கோடிக்கணக்கான ஆண்டு பிரிந்து போய்க்கொண்டிருந்தாலும் வெளியே அதே தாள்.

சுண்ணாம்புச் செம்பாசி இதைவிட மோசம். பாறையில் பூசின இளஞ்சிவப்புப் பெயின்ட் போலப் படியும் ஜாதிகளுக்குக் கிளை இல்லை, இலை இல்லை. பெயின்டில் என்னத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது? இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளத்திட்டுகளில் போரோலித்தன் ஆன்கோடஸ் என்ற பாசி எங்கும் இருப்பதாக நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். பவளத்திட்டின் அலைமுகத்தைச் சிதறாமல் கட்டிப்பிடிக்கும் சிமென்ட் அதுதான். 2018-ல் மூல மாதிரியின் டிஎன்ஏவை எடுத்து ஒப்பிட்டபோது அந்த ஒரு பெயருக்குக் கீழே ஏகப்பட்ட தனி இனங்கள் இருந்தன. மத்தியதரைக் கடலின் லித்தோஃபில்லம் ஒன்றும் 2019-ல் இதேபோல் 13 ஆகப் பிரிந்தது. இவை ஒவ்வொன்றும் வெப்பத்தை வேறுவிதமாகத் தாங்கும், வேறு ஆழத்தைத் தேடும். கண் மட்டும் ஒரே பெயின்ட் என்று சொல்லும்.

மறுபடி கல்லக்குடிக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் பாசியிலேயே கண் இப்படி ஏமாறுகிறது என்றால், 11 கோடி ஆண்டுக் கல்லில் செல் அளந்து வைத்த பெயர்களை எவ்வளவு நம்புவது? டிஎன்ஏ எடுத்துச் சரிபார்க்க வழியே இல்லை. இதுவரை மீட்டெடுத்த மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து மண்ணிலிருந்து வந்தது. வயது 20 லட்சம் ஆண்டு. அதன் ஐம்பது மடங்கு பழையது நம் கல். என் தீர்ப்பு இது: கல்லக்குடிப் பாசிகளின் இனப்பெயர்களைச் சந்தேகத்தோடு வாசிக்கலாம், அந்தப் பல்வரிசையைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்போர் அறைகள் தனித்தனியாகச் சுண்ணாம்புச் சுவரெழுப்பி வரிசை கட்டும் பழக்கம் இன்றும் ஸ்போரோலித்தன் குடும்பத்திடம்தான் இருக்கிறது. டிஎன்ஏ மரத்திலும் அந்தக் குடும்பம் தனிக்கிளைதான். இனத்தில் ஏமாற்றிய உருவம் குடும்பத்தில் மெய் பேசுகிறது.

கல்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. டிஎன்ஏ இரண்டு பாசிகள் எவ்வளவு தூரத்து உறவு என்று சொல்லும்; எத்தனை ஆண்டுக்கு முன் பிரிந்தார்கள் என்று தானாகச் சொல்லாது. அதற்குத் தேதி தெரிந்த ஒரு கல் வேண்டும். டிஎன்ஏ என்ற கடிகாரத்துக்கு முள் இருக்கிறது, சாவி கொடுத்து மணியைத் திருத்தி வைப்பது தொல்லுயிர் எச்சம். ஸ்போரோலித்தன் குடும்பம் உலகில் முதலில் தலைகாட்டுவது சுமார் 13 கோடி ஆண்டுப் பாறைகளில். கல்லக்குடி அதற்குச் சற்றுப் பிந்தியது. அந்தக் குடும்பம் உலகக் கடல்களில் பரவிக்கொண்டிருந்த காலத்தின் ஒரு பக்கம் நம் ஜில்லாவில் கிடக்கிறது. இன்னும் பழசு வேண்டுமென்றால் சித்திரகூடத்துக்குப் போக வேண்டும். அங்கே விந்தியப் பாறையில் கிடைத்த 160 கோடி ஆண்டுத் தொல்லுயிர் எச்சங்கள் சிவப்புப் பாசி போலவே இருக்கின்றன என்று 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 'போலவே' என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் உருவம்தான் சாட்சி, அதனால் வாதம் ஓயவில்லை.

வேற்றுமை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு மண்டபத்துக் கதை ஒன்று. கப்பாஃபைகஸ் என்ற செம்பாசியின் விதைத்துண்டு 1984-ல் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வந்தது, பூர்வீகம் பிலிப்பைன்ஸ். அதிலிருந்து எடுக்கும் காரஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் கெட்டித்தன்மை தருவது. மண்டபத்தில் மூங்கில் மிதவை கட்டி, 45 நாளில் அறுவடை. கரையில் இதற்குப் பெப்சிப் பாசி என்றே பேர். தொடக்கத்தில் அந்தக் கம்பெனி பணம் போட்டதால் வந்த பெயர். 2001-ல் 21 டன்னாக இருந்த உலர்பாசி 2013 வாக்கில் 1,500 டன்னைத் தொட்டது. அதன்பின் கடல் சூடேறியது, மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து உதிர்ந்தது, விளைச்சல் சரிந்தது.

காரணத்தைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாழை ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் வைத்திருக்கும் ஊர் இது. விதை இல்லாமல் கன்று வைத்தே பெருக்கினால் தோப்பு முழுக்க ஒரே மரம்தான். ஒன்றுக்கு வந்த வாடல் எல்லாவற்றுக்கும் வரும். கப்பாஃபைகஸும் துண்டு துண்டாக ஒடித்துக் கட்டித்தான் பெருக்கப்படுகிறது. உலகம் பூராவும் பண்ணைகளில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே மரபுவழி என்று மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ ஆய்வுகள் காட்டின. ஆயிரம் மிதவை, ஆனால் ஒரே செடி. அதே செடி பண்ணையிலிருந்து தப்பி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1927-ல் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னை அருங்காட்சியகத்துக்காகப் பாசிகளைப் பட்டியலிட்ட தீவு அது. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்லது. அங்கே முதல் வேலையாக நம் கஞ்சிப்பாசியின், மரிக்கொழுந்துப் பாசியின் பாறைக்குப் பாறை மாறும் மரபணு வேற்றுமையைச் சேகரித்துப் பத்திரப்படுத்தினால் இன்னும் நல்லது.

கடைசியாகக் கல்லக்குடிக்காக ஒரு வேண்டுகோள். பெரம்பலூர்ச் சாத்தனூரில் 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்த 18 மீட்டர்க் கல்மரத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்து, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காப்பாற்றுகிறோம். கல்லக்குடியில் சுண்ணாம்பு எடுத்து முடித்த பள்ளங்கள் மழைநீர் நிறைந்து கிடக்கின்றன. பவளமும் பாசியும் நைஸ் உருண்டையும் ஒன்றாகத் தெரியும் குவாரிச் சுவர் ஒன்றை, நூறு அடி நீளம் போதும், தண்ணீர் ஏறாமல் வடியவிட்டு, வேலி போட்டு, தமிழில் ஒரு பலகை வைக்க மாவட்ட நிர்வாகமும் புவியியல் ஆய்வுத் துறையும் முன்வர வேண்டும். மிச்சக் கல்லை எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் மாடிக்கும் சிமென்ட் வேண்டும்.